ஒளிரும் பலகையும் ஒளிராத எழுத்தும்

புதிய கருவியொன்றைச் சோதித்து, அதன் நிறைகுறைகளை எழுத்தில் வைக்கும் வழக்கம் ஆங்கிலத்திலே நெடுங்காலமாக உண்டு. தமிழில் அஃது அண்மைக்காலத்திலேயே ஒரு துறையாக வளரத் தொடங்கியுள்ளது. வளர்ந்த அளவிலும், பிறர் தமக்கென வகுத்துக்கொண்ட அளவுகோல்களைக் கேள்வியின்றிக் கையேற்றே அது வளர்ந்துள்ளது எனலாம். கணினி விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். விசை எவ்வளவு ஆழம் அமிழ்கின்றது, எவ்வளவு அழுத்தத்தை வேண்டுகின்றது, எத்தனை வண்ணங்களில் ஒளிர்கின்றது, பல்லூடகப் பொத்தான்கள் எத்தனை என்பனவே வழக்கமாக எழுப்பப்படும் வினாக்கள். இவை தவறான வினாக்கள் அல்ல. ஆயினும், சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றில், தமிழைத் தாய்மொழியாகவும் கல்விமொழியாகவும் கொண்ட மாணவர் முன்னிலையில் அப்பலகையை வைத்துப் பார்க்கும்போது இவ்வினாக்கள் போதா என்பது விரைவிலே புலனாகின்றது. அது யாருக்காக ஒளிர்கின்றது என்னும் வினாவே அங்கு முதலில் எழுகின்றது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட பலகை சந்தையிற் பரவலாகக் கிடைக்கும் வகையைச் சார்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. கூறப்போகும் குறைகள் அவ்வகை முழுவதற்கும் பொதுவானவை. எண் விசைகளும் கொண்ட முழு அளவான பலகை அது. விசைகளுக்கு அடியிலிருந்து ஒளி எழுகின்றது. மேலோரத்தில் ஒலியைக் கூட்ட, குறைக்க, அடக்க, பாட்டை இயக்க, நிறுத்த, முன்னும் பின்னும் தாவ, கணிப்பானைத் திறக்க எனத் தனிப் பொத்தான்கள் உள. பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்திலும், பின்னர் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிலும், மாலை வகுப்புக்கு வரும் உயர்தர மாணவர் சிலர் அதனைச் சில மாதங்கள் பயன்படுத்தினர். அவர்கள் தட்டெழுதுவதை உடனிருந்து பார்த்தவற்றையும், அப்பலகையில் நானே எழுதிப் பெற்ற அனுபவத்தையும் அடிப்படையாகக் கொண்டே இம்மதிப்பீடு அமைகின்றது.

முதலில் விசையின் உணர்வு. ஒவ்வொரு விசைக்கும் கீழே இறப்பர்க் கவிகை ஒன்று உண்டு. அழுத்தும்போது அக்கவிகை மடிந்து, அடியிலுள்ள இரு மென்படலங்களைத் தொடச்செய்கின்றது. விட்டவுடன் நிமிர்ந்து விசையை மேலே தள்ளுகின்றது. கேகாலையும் இரத்தினபுரியும் இறப்பர் விளையும் மாவட்டங்களாதலின், தன் தாய் வெட்டும் பால்தான் இதற்குள் வந்திருக்குமோ என மாணவி ஒருத்தி கேட்டாள். இல்லை என்றே கூறவேண்டியிருந்தது. இக்கவிகைகள் பெரும்பாலும் சிலிக்கன் சேர்வையினால் ஆனவை. மரத்துப் பாலுக்கு அவற்றிற் பங்கில்லை. தனித்தனி வில்லமைந்த பொறிவிசைகளோடு ஒப்பிடின் இக்கவிகை விசை மந்தமானது. செர்ரி நிறுவனத்தின் சிவப்புவகை விசை ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீற்றர் ஆழத்திலேயே செயற்பட்டுவிடும். கவிகை விசையை அடிவரை அழுத்தினால் அன்றி எழுத்து விழுவதில்லை. நீண்ட கட்டுரை எழுதுவோர்க்கு விரல் களைக்கும். ஆனால் விலையை நோக்கும்போது இதனைப் பெருங்குறையெனச் சொல்ல மனம் வரவில்லை. 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு வாழ்ந்த வீட்டிற்குப் பொறிவிசைப் பலகை எட்டாப் பொருளாகவே இருந்தது.

இனி ஒளி. விசைகளின் அடியில் உள்ளவை ஒளிகாலும் இருவாயிகள். நீல ஒளியைத் தரும் இருவாயி உருவான பின்னரே வெள்ளொளியும் முழு வண்ணக் கலவையும் இச்சிறு விளக்குகளிற் கைகூடின. அதனை ஆக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அத்தகைய விளக்கொன்றை விசையின் அடியில் வைத்தல் வெறும் அலங்காரமே என்று நகரத்துத் திறனாய்வாளர் சிலர் எள்ளுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. லயத்துக் காம்பரா ஒன்றில் தம்பி தங்கையர் உறங்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு இவ்வொளி பயன்படும் பொருளே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தபோது, மடிக்கணினியின் மின்கலத்தை நம்பி எழுதியோர் இதன் அருமையை நன்கறிவர். பழகிய தட்டெழுத்தாளருக்குப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. ஆதலால், விசைக்கு ஒளி தருவதன் நியாயம் முழுவதும் பழகாதவரைச் சார்ந்தது என்பது மனங்கொளத்தக்கது.

அப்பழகாதவர் தமிழில் எழுத முற்படும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. ஒளிரும் விசைமூடியின் அமைப்பு எளியது. ஒளி புகும் பிளாத்திக்கின்மேல் கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவில் அவ்வண்ணத்தை லேசர்க் கதிரினால் நீக்கிவிடுவர். நீக்கிய இடத்தினூடாக ஒளி வெளிப்படும். எனவே ஒளிர்வது பூசப்பட்ட எழுத்தன்று; செதுக்கி எடுக்கப்பட்ட எழுத்து. எமக்குக் கிடைத்த பலகையிற் செதுக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே. தமிழெழுத்து வேண்டுவோர் கடைகளில் விற்கும் ஒட்டுத்தாளை வாங்கி ஒவ்வொரு விசையிலும் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியவுடன் நிகழ்வது யாதெனில், அத்தாள் ஒளியை மறைத்துவிடுகின்றது. பகலிலே தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இரவிலே இரண்டும் தெரியா. ஒளி ஊடுருவும் கண்ணாடித்தாளையும் ஒட்டிப் பார்த்தோம். அதில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துப் பளிச்சென ஒளிர, அதன் அருகே தமிழெழுத்து நிழலாக நிற்கின்றது. இருளிற் பலகையை உற்றுநோக்கிய மாணவர் ஒருவர், “வெளிச்சம் போட்டாத்தான் சேர் நம்ம எழுத்து மறையுது” என்றார்.

ஒட்டுத்தாள் நெடுநாள் நிலைப்பதுமில்லை. இரத்தினபுரி ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெறும் நிலம். அவ்வீரத்தில் பசை இளகி, அடிக்கடி அழுத்தப்படும் விசைகளின் ஓரம் முதலிற் சுருள்கின்றது. எட்டியாந்தோட்டையில் முதலிற் கழன்றது புள்ளிக்குரிய தாள். தமிழில் மெய்யெழுத்துகள் வரும் செறிவை நினைப்பவர்க்கு இது வியப்பளியாது.

இக்குறைக்குப் பொறியியற் காரணம் ஏதும் உண்டோ என்று ஆராய்வது பொருத்தமானது. விசைப்பலகை உண்மையில் எழுத்து எதனையும் கணினிக்கு அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதற்குரிய எண்ணை மட்டுமே அனுப்புகின்றது. எச் எனப் பொறிக்கப்பட்ட விசையை அழுத்தினால் 11 என்ற எண் செல்லும். அதனை எச் ஆகக் கொள்வதா, க ஆகக் கொள்வதா, பாமினி முறையிற்போலக் கால் எனக் கொள்வதா என்பதை முடிவு செய்வது கணினியில் உள்ள மென்பொருள். எனவே இப்பலகை ஆங்கிலப் பலகையுமன்று, தமிழ்ப் பலகையுமன்று. அதன் மொழி, மேலே பூசிய வண்ணத்திலே தொடங்கி வண்ணத்திலேயே முடிந்துவிடுகின்றது.

தட்டச்சுப் பொறியின் காலம் இத்தகையதன்று. அங்கு எழுத்து உலோகத்தில் வார்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, சிங்கப்பூரிலே பணிபுரிந்த இரா. முத்தையா தமிழுக்கென ஒரு தட்டச்சுப் பொறியை வகுத்தபோது, 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளில் அடக்கும் பெரும் பணி அவர்முன் நின்றது. எழுத்தை அடித்த பின்னும் உருளையை நகரவிடாத நகரா விசைகளை அமைத்து, மெய்யின்மேற் புள்ளியும் விசிறியும் ஏறும் வழியை அவர் கண்டார். அவர் வகுத்த பொறியை ஜேர்மானிய நிறுவனம் ஒன்று உற்பத்தி செய்தது. ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியும் கடல்கடந்த தொழிற்சாலையின் வார்ப்படமும் அன்று தேவைப்பட்டன. இன்று தேவைப்படுவது லேசர்க் கதிருக்கு வேறொரு வரைபடம் கொடுத்தல் மட்டுமே. உருசியம், அறபு, கொரியம் ஆகிய மொழிகளுக்கு அவ்வாறு செய்கின்றனர். அப்பலகைகளில் ஈரெழுத்தும் ஒருங்கே ஒளிர்கின்றன. தமிழுக்கு அது செய்யப்படாமைக்குக் காரணம் கருவியில் இல்லை. தமிழில் எழுதுவோரை வாங்குவோராக எண்ணாத சந்தையில் உள்ளது.

சந்தைமீது மட்டும் பழியைச் சுமத்துதலும் நேர்மையாகாது. எந்தத் தமிழ் விசைமுறையைச் செதுக்குவது என்று உற்பத்தியாளர் கேட்பின் நாம் என்ன விடை கூறுவோம்? 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றது தமிழ் 99. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 நியமம் ரெங்கநாதன் விசைமுறையைத் தழுவியது. அச்சகங்களிலும் நகரத்துத் தட்டெழுத்துக் கடைகளிலும் வேரூன்றியிருப்பதோ பாமினி. சிங்களத்திற்கு இச்சிக்கல் பெரிதும் இல்லை. விஜேசேகர தட்டச்சு முறையை அடியொற்றியே அதன் எஸ்.எல்.எஸ். 1134 நியமம் அமைந்தமையால் பழக்கமும் நியமமும் ஒன்றாயின.

மாணவரைக் கொண்டு தமிழ் 99, பாமினி இரண்டையும் இப்பலகையிற் சோதித்தோம். ‘கொழுந்து’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் 99இல் க, ஒ, ழ, உ, ந, த, உ என ஏழு தட்டுகள். ந-வை அடுத்துத் த வருதலால் இடையிலுள்ள புள்ளியைக் கணினி தானே இட்டுக்கொள்கின்றது. பாமினியிலும் ஏழு தட்டுகளே. ஆயினும் ழு-வுக்கும் து-வுக்கும் ஷிப்ட் விசையைச் சேர்த்தழுத்த வேண்டும். மேலும், கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் காலை இறுதியிலும் இடவேண்டியிருப்பதால், வாய் ஒலிக்கும் ஒழுங்கை விட்டுக் கை வரையும் ஒழுங்கைப் பின்பற்ற நேர்கின்றது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் 99 எளிது என்பதில் ஐயமில்லை. மேலும் ஒரு சிறு நன்மை உண்டு. எல்லாப் பலகைகளிலும் எப், ஜே விசைகளின்மேல் விரல் உணரத்தக்க சிறு மேடு இருக்கும். தமிழ் 99இல் எப் விசையிற் புள்ளியும் ஜே விசையிற் பகரமும் அமைகின்றன. தாள் கழன்று போனாலும், இருள் சூழ்ந்தாலும் புள்ளியை விரல் தானே கண்டுகொள்கின்றது. ஒளியினாற் கிடைக்காத உதவி ஒரு சிறு மேட்டினாற் கிடைக்கின்றது!

பாமினியை இகழ்வது என் நோக்கமன்று. கணினியில் தமிழே காணப்படாத காலத்தில் ஈழத்து அச்சுலகைத் தாங்கிய எழுத்துரு அது. எனினும் அது ஆங்கில எழுத்தின் குறியெண்மீது தமிழ் வடிவைப் போர்த்திய முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். 1991இல் யுனிகோட் தமிழுக்குத் தனியிடம் வகுத்த பின்னும் அப்போர்வையை நாம் முற்றாகக் களைந்துவிடவில்லை.

பல்லூடகப் பொத்தான்களுக்கு வருவோம். இச்சோதனையிற் குறையே காணப்படாத பகுதி இதுதான். ஒலியைக் கூட்டும் பொத்தான் முதல் நாளிலிருந்தே பிழையின்றி இயங்கியது. முக்கோணத்தை அழுத்தினாற் பாட்டு எழுகின்றது; இரட்டைக் கோட்டை அழுத்தினால் நிற்கின்றது. ஒலிநாடாப் பொறிகளின் காலந்தொட்டு வழங்கும் குறிகளாதலால், ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும் அவை விளங்கின. மென்பொருள் தேவையில்லை, ஒட்டுத்தாள் தேவையில்லை, விசைமுறை பற்றிய வழக்கும் இல்லை. இரவில் அக்குறிகளே தெளிவாக ஒளிர்கின்றன.

இப்பொத்தான்கள் அனுப்பும் எண்கள் எழுத்து விசைகளின் எண்களோடு ஒரே பட்டியலில் இடம்பெறுவதில்லை. கணினியோடு இணையும் கருவிகளுக்கான யு.எஸ்.பி. நியமத்தில் எழுத்து விசைகள் 7ஆம் பக்கத்தில் உள. பல்லூடகப் பொத்தான்கள் 12ஆம் பக்கத்தில் உள. ஒலியைக் கூட்டுவதற்குரிய எண் அங்கே 233. அப்பன்னிரண்டாம் பக்கத்திற்கு நியமம் இட்டுள்ள பெயர் ‘நுகர்வோர்’ என்பதாகும். ஏழாம் பக்கத்திலே கொரிய எழுத்துக்கும் யப்பானிய எழுத்துக்கும் மாறுவதற்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழுக்கோ, வேறெந்த இந்திய மொழிக்கோ, சிங்களத்திற்கோ அவ்வாறானதோர் எண் இல்லை. இதனைச் சூழ்ச்சி என்று கூறுதல் மிகை. கொரியரும் யப்பானியரும் தத்தம் பலகைகளைத் தாமே ஆக்கினர், தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றனர். எனினும் விளைவு கண்கூடு. கேட்பவராகவும் பார்ப்பவராகவும் இருக்கும்வரை தோட்டத்து மாணவரை இப்பலகை இருகை நீட்டி வரவேற்கின்றது. எழுத முற்பட்டவுடன் இருளில் விட்டுவிடுகின்றது.

எழுத்து ஒன்று தெரியாமற் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பார் உண்டு. சப்பிரகமுவத் தோட்டங்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை ஏட்டில் உள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தமிழர் சிறுபான்மையினர். அலுவலக நடைமுறை சிங்களத்தில் நிகழ்வது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையை விரித்துரைத்தது. ஆனால் தமிழ்ப் பெயரொன்று ஏட்டில் ஏறும் வழி பெரும்பாலும் சிங்கள எழுத்தினூடாகவே அமைந்தது. சிங்களத்தில் ழகரம் இல்லை; ரகர றகர வேறுபாடும் இல்லை. பழனியம்மா என்னும் பெயர் சிங்களத்திற் சென்று தமிழுக்குத் திரும்பும்போது பலனியம்மா ஆகின்றது. அழகம்மா அலகம்மா ஆகின்றாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், அடையாள அட்டையில் மற்றொரு வடிவம், செக்ரோலில் வேறொரு வடிவம். ஓய்வு பெற்ற தொழிலாளி ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுச் செல்லும்போது, மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன எனச் சத்தியக் கடதாசி முடித்து அலைய நேர்கின்றது. நகரத்துத் தட்டெழுத்துக் கடையில் விண்ணப்பத்தை நிரப்பும் இளைஞருக்கு ழகர விசை எது என்று தெரியாவிடின், அருகிலுள்ள லகரத்தோடு அமைவார். ஒரு விசையின் முகத்தில் ழ என்னும் எழுத்து இருப்பதும் இல்லாதிருப்பதும் அத்தொழிலாளியின் ஒரு நாட்சம்பளம் போவதும் போகாதிருப்பதும் ஆகும்.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் கூடும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டினாலே தமிழ் விழுகின்றதே, தமிழெழுத்துப் பொறித்த பலகை எதற்கு என்பர். அம்முறையை நானும் பயன்படுத்துகின்றேன், அவசரத்துக்கு உதவும். ஆனால் தமிழின் ல, ள, ழ மூன்றையும் ந, ன, ண மூன்றையும் ஆங்கிலத்தின் சிற்றெழுத்து, பேரெழுத்து, இசட், டபிள்யூ எனப் பிரித்து நினைவிற் கொள்ளவேண்டிய முறை அது. ஆங்கிலம் நன்கறிந்தவருக்கே அது இயல்பாகின்றது. ஆங்கில ஆசிரியரையே அரிதாகக் கண்ட தோட்டப் பாடசாலை மாணவர், தம் தாய்மொழியை எழுதத் தமக்குத் தெரியாத மொழியின் வாயிலில் அனுமதி கேட்டு நிற்கவேண்டியவராகின்றார். வகுப்பில் நான் கண்டதும் இதுவே. ஒலிபெயர்ப்பு முறையில் விரைவாக எழுதிய மாணவர் ‘மழை’யை ‘மலை’ என எழுதிவிட்டு, திரையில் வந்ததைச் சரியென ஏற்றுக்கொண்டனர். தமிழ் 99இல் எழுதியோர் மெதுவாகவே எழுதினர். ஆனால் ழகரத்தைத் தேடினர். தேடுதல் என்பதே எழுத்தை நினைத்தல்.

பேசினால் எழுதித்தரும் மென்பொருள்கள் பற்றியும் கூறப்படுகின்றது. தோட்டத்துப் பேச்சுவழக்கை அவை எவ்வாறு கொள்ளும் என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

இப்பலகைக்கு மதிப்பெண் இடவேண்டுமாயின், நுகர்வோர் பக்கத்திற்கு உயர்ந்த மதிப்பெண்ணும் எழுத்துப் பக்கத்திற்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணும் இடுவேன். தமிழில் எழுதக் கற்கும் மாணவருக்கு இதனை வாங்கிக்கொடுக்கும்படி பரிந்துரைக்க மாட்டேன். அவர்க்கு ஒளியில்லாத மலிவான பலகையும் தமிழெழுத்து ஒட்டுத்தாளுமே மேல். தமிழ் மாணவர் மன்றங்களும் பாடசாலைகளும் ஒன்றுகூடித் தொகையாக வாங்கும்போது, மும்மொழி எழுத்தும் செதுக்கிய மூடிகளை விற்பனையாளரிடம் கேட்பது இயலாத காரியமன்று.

அவ்வாறு கேட்கும்போது மறவாது குறிப்பிட வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இத்தகைய பலகைகள் பலவற்றில் இருவாயி விசையின் நடுவில் இருப்பதில்லை. மேற்பாதியின் அடியிலே இருக்கின்றது. ஆகவே மூடியின் மேற்பாதியிற் செதுக்கிய எழுத்து நன்கு ஒளிரும். கீழ்ப்பாதியிற் செதுக்கியது மங்கியே தெரியும். ஞ, ண, ஐ போன்ற அகன்ற வடிவங்கள் சிறிதாகச் செதுக்கப்படின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வழமைப்படி ஆங்கிலத்தை மேலேயும் மற்றை இரு மொழிகளைக் கீழேயும் பொறித்தால், முழுச் செலவும் செய்த பின்னும் ழகரம் இருளிலேயே நிற்கும்.